டிராவலர் விதிகளைத் திருத்துவது எப்படி: பகடையிலிருந்து கப்பல் கடன் வரை

அறிவியல் புனைவு ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு) ஒன்றைத் தொடர்ந்து ஆடும் எந்தக் குழுவிலும், ஒரு கட்டத்தில் "இந்த விதியை மாத்திடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மாற்றலாம், தப்பே இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது எண்ணில்தான். சேதம் அதிகமாகத் தெரிந்தால் குறைப்பார்கள், காசு போதவில்லை என்றால் கூட்டுவார்கள். நான்கு ஆட்டம் கழித்துப் பார்த்தால் வேறெங்கோ ஒன்று உடைந்திருக்கும். ஒவ்வொரு விதியும் ஆட்டக்காரரை எதையோ செய்யத் தூண்டுகிறது, எதையோ செய்யவிடாமல் தடுக்கிறது. அது என்னவென்று தெரிந்த பிறகுதான் எண்ணுக்குப் போக வேண்டும்.

இந்த வழிகாட்டிக்கு டிராவலர் விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். 1977-ல் அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்டது, மார்க் மில்லர் வடிவமைத்தது. மூன்று சிறிய கறுப்புப் புத்தகங்களாக வந்த அந்த விளையாட்டு அதற்குப் பிறகு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது: 1987-ல் மெகாடிராவலர், 1993-ல் நியூ எரா, 1996-ல் ஆட்டக்காரர்கள் டி4 என்று அழைக்கும் பதிப்பு, 2008-ல் மங்கூஸ் பப்ளிஷிங்கின் பதிப்பு, 2016-ல் அதன் இரண்டாம் பதிப்பு. எது பலித்தது, எது சொதப்பியது என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நீங்கள் ஆடுவது வேறு விளையாட்டாக இருந்தாலும் முறை இதேதான்.

முதல் வேலை: திருத்தாமல் குறித்து வையுங்கள்

ஆட்டம் நடக்கும்போது விதியைத் திருத்தவே கூடாது. ரெஃபரி, அதாவது ஆட்டத்தை நடத்துபவர், அந்த நேரத்துக்கு ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நகரட்டும். பக்கத்தில் ஒரு நோட்டு இருந்தால் போதும். ஆட்டம் தடைபடும் ஒவ்வொரு இடத்திலும் மூன்றைக் குறியுங்கள்: எந்த விதி, அந்த நேரத்தில் ஆட்டக்காரர் என்ன செய்ய நினைத்தார், கடைசியில் எப்படித் தீர்த்தீர்கள்.

சில வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் குறைகள் தானாகப் பிரிந்து நிற்கும். சில விதிகள் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. சில புரிகின்றன, ஆனால் கணக்குப் போட்டே பத்து நிமிடம் ஓடுகிறது. சிலவற்றில் வேகமாகத் தீர்வு வந்தும் "இது நம்புற மாதிரி இல்லையே" என்று எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் வகைதான் அதிகம். அதற்கு விதியை மாற்றத் தேவையில்லை, தெளிவாக எழுதி மேசையில் ஒரு தாள் வைத்தால் தீர்ந்தது. இரண்டாம் வகைக்கு அட்டவணையோ ஸ்ப்ரெட்ஷீட்டோ போதும். உண்மையான திருத்த வேலை மூன்றாம் வகைக்கு மட்டும்தான்.

உலகத்தைத் தாங்கும் விதிகளைத் தனியே பிரியுங்கள்

கற்பனை மந்திர உலகத்தில் ஒரு மந்திரத்தைத் தூக்கிவிட்டால் உலகம் பெரிதாக அசையாது. அறிவியல் புனைவில் அப்படியில்லை. தூரம், நேரம், எரிபொருள், செய்திப் போக்குவரத்து ஆகியவை பற்றிய விதிகள்தான் அந்த உலகத்தின் அரசியலும் பொருளாதாரமும்.

டிராவலரில் கப்பல் ஒரு ஜம்ப் (நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுவது) செய்தால் தோராயமாக ஒரு வாரம் ஆகும். ஒரு பார்செக் (சுமார் 3.26 ஒளியாண்டு) போனாலும் ஆறு பார்செக் போனாலும் அதே ஒரு வாரம். ஒளியைவிட வேகமான ரேடியோ கிடையாது, கடிதமும் செய்தியும் கப்பலில்தான் போகும். இந்த இரண்டு விதிகளிலிருந்து என்னவெல்லாம் முளைக்கிறது பாருங்கள். கதைக்களமான விண்வெளிப் பேரரசின் தலைநகரத்துக்குத் தகவல் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் பேரரசர் தொலைதூர எல்லையை நேரடியாக ஆள முடியாது. பிரபுக்களுக்கு அதிகாரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு துறைமுகத்தில் குற்றம் செய்தவன் செய்திக்கு முன்பே அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடலாம். கொள்ளையர்கள் பிழைப்பதும் அதனால்தான்.

இப்போது உங்கள் குழுவில் ஒருவர் "தலைமையகத்தோடு பேச ஒரு கருவி இருந்தா கதை சீக்கிரம் நகருமே" என்கிறார். நியாயமாகத்தான் தெரியும். அந்த ஒரு கருவியைக் கொடுத்த மறுநாள் பிரபுக்களுக்கு வேலையில்லை, தப்பியோடுவதற்கு அர்த்தமில்லை, ஆட்டக்காரர்கள் எந்த முடிவையும் தாங்களே எடுக்க மாட்டார்கள். மேலிடத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, "இதை மாற்றினால் உலகத்தில் யார் பிழைப்பு போகும்?" என்று ஒவ்வொரு விதிக்கும் நேரே எழுதுங்கள். பதில் இருக்கிற விதிகளைத் தொடாதீர்கள், அல்லது புது உலகத்தை எழுதத் தயாராகுங்கள். பதில் இல்லாதவற்றைத் தாராளமாக மாற்றலாம். சில இடங்களில் எண்ணைத் தொடாமல் விளக்கத்தை மட்டும் மாற்றினாலே போதும். உதாரணமாக, 1977 புத்தகத்தில் கப்பல் கணினிகள் பிடிக்கும் இடம் ஒரு டன்னில் தொடங்கி மேலே போகும் (இங்கே டன் என்பது கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு). இன்று படிக்கும் எவருக்கும் சிரிப்பு வரும். அந்த டன் கணக்கைக் குறைத்தால் கப்பல் வடிவமைப்பே கலையும். எண்ணை விட்டுவிட்டு, அந்த டன்னுக்குள் உணரிகள், கதிர்வீச்சுக் கவசம், மாற்று உபகரணம் எல்லாம் அடக்கம் என்று விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு வரியில் முடிந்துவிடும்.

பகடைக் கணக்கு தெரியாமல் +1 கொடுக்காதீர்கள்

டிராவலரின் அடிப்படை எளிது. இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி, அந்தக் காரியத்தில் பாத்திரத்துக்கு உள்ள தேர்ச்சி எண்ணைக் கூட்டி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. இரண்டு பகடைக்கு 36 சாத்தியங்கள். அதில் 8 அல்லது அதற்கு மேல் வருவது 15, அதாவது 41.7 சதவீதம். ஒரு +1 சேர்த்தால் 58.3 ஆகிறது. +2 என்றால் 72.2. +3 என்றால் 83.3. +4-ல் 91.7.

இங்கே கவனிக்க வேண்டியது, முதல் +1 பதினாறு சதவீதத்துக்கு மேல் தருகிறது. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது எட்டுதான். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு +1-க்கும் ஐந்து சதவீதம் என்று பழகியவர்கள், அந்தக் கையோடு இங்கே வந்து தாராளமாக +2, +3 என்று அள்ளி வீசுவார்கள். நல்ல துப்பாக்கிக்கு +2, நல்ல ஒளிக்கு +1, குறிவைத்ததற்கு +1. பகடையையே உருட்டத் தேவையில்லை என்ற நிலை வந்துவிடும். தேர்ச்சியே இல்லாதவருக்கு மங்கூஸ் பதிப்பு -3 கொடுக்கிறது. அப்போது 11 தேவை, வாய்ப்பு 8.3 சதவீதம். கடுமைதான். ஆனால் இந்தக் கடுமைதான் குழுவுக்கு மருத்துவரும் பைலட்டும் வேண்டும் என்று ஆக்குகிறது. அதை -1 ஆக்கிவிட்டால் எல்லோரும் எல்லாம் செய்வார்கள், 27.8 சதவீதம் வாய்ப்போடு.

சூழ்நிலைச் சாதகத்தைக் காட்ட இன்னொரு வழி 2016 பதிப்பில் வந்தது. மூன்று பகடை உருட்டி நல்ல இரண்டை வைத்துக்கொள்வது. பாதகமாக இருந்தால் மோசமான இரண்டை. 8-க்கு எதிராக மூன்றில் நல்ல இரண்டு எடுத்தால் வாய்ப்பு 68.1 சதவீதம், +1-க்கும் +2-க்கும் நடுவில் நிற்கிறது. மோசமான இரண்டு என்றால் 19.4. இதன் அழகு என்னவென்றால், அதிகபட்ச எண் 12-ஐத் தாண்டாது. முடியாத காரியம் முடியாததாகவே இருக்கும். நாலு பேர் நாலு காரணம் சொல்லிச் சாதகம் கேட்டாலும் கூடுவது ஒரே பகடைதான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக +1 அடுக்கப்படுவதுதான் உங்கள் மேசையில் பிரச்சினை என்றால், இந்த மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள்.

பகடை முறையையே தூக்கி எறிவது வேறு விஷயம். நியூ எரா இருபது முகப் பகடைக்குப் போனது. டி4 பதிப்பு ஒருபடி மேலே போய், கடினத்துக்கு ஏற்ப பகடைகளைக் கூட்டி, நடுவில் 'அரைப் பகடை' என்று ஒன்றையும் வைத்தது. ஆறுமுகப் பகடையை உருட்டி வந்ததைப் பாதியாக்க வேண்டும். காகிதத்தில் நுணுக்கமான படிநிலை. மேசையில் ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒரு வகுத்தல். போதாக்குறைக்கு, பண்பெண்ணும் (உடல்வலு, தாங்குதிறன் போன்ற இயல்புகளின் எண்) தேர்ச்சியும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குக் கீழே உருட்ட வேண்டும் என்பதால், பிறவியில் பெரிய எண் வாங்கியவர் பல வருடம் பயின்றவரை எளிதாக முந்தினார். பின்னர் வந்த மங்கூஸ் பதிப்பு இரண்டு பகடை, 8 என்ற பழைய இடத்துக்கே திரும்பியது. அடிப்படை உருட்டலை மாற்ற ஆசை வந்தால், சில மாதங்களுக்குத் தள்ளிப் போடுங்கள்.

ஒரு விதியை எடுத்தால் அது போட்டிருந்த பிரேக்கை வேறெங்காவது போடுங்கள்

டிராவலரில் மிகப் பிரபலமான விதி, பாத்திரத்தை உருவாக்கும்போதே அது செத்துப்போகலாம் என்பது. பதினெட்டு வயதில் கடற்படையிலோ சாரணர் படையிலோ சேர்கிறீர்கள். நான்கு வருடம் ஒரு பருவம். ஒவ்வொரு பருவத்திலும் உயிர்பிழைக்க ஒரு உருட்டல். தவறினால் சாவு, புதுத் தாள் எடுத்து மறுபடியும் ஆரம்பம்.

எவ்வளவு கொடூரம் என்று கணக்கே சொல்லும். பழைய விதியில் சாரணருக்கு 7 அல்லது அதற்கு மேல் வேண்டும், 58.3 சதவீதம். மூன்று பருவம் தாண்டுபவர் ஐந்தில் ஒருவர்தான். தாங்குதிறன் 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் +2 கிடைக்கும். அப்போதும் மூன்று பருவத்துக்குப் பிறகு மிஞ்சுவது 58 சதவீதம்.

"இதென்ன அபத்தம், சாவை எடுத்துவிடலாம்" என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் திருத்தம். எடுத்துவிட்டு நீங்களே ஒரு பாத்திரம் உருவாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பருவமும் தேர்ச்சி தருகிறது, ஓய்வுக்காசு கூடுகிறது, சில சமயம் கப்பலே கிடைக்கிறது. வெளியேற ஒரு காரணமும் இல்லை. 34 வயதில்தான் முதுமை விதி தொடங்கும். ஆகவே எல்லோரும் குறைந்தது அதுவரை உட்கார்ந்திருப்பார்கள். மேசையில் நாலு தலை நரைத்த நிபுணர்கள். துடிப்பான இருபத்திரண்டு வயது ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். சாவு விதியின் உண்மையான வேலை கொல்வதில்லை. "இன்னொரு பருவம் போகலாமா, இத்தோடு போதுமா?" என்று ஆட்டக்காரரை யோசிக்க வைப்பதுதான். பாத்திர உருவாக்கமே ஒரு சூதாட்டமாக இருந்தது அதனால்தான்.

பதிப்புகள் இதை எப்படிக் கையாண்டன என்று பாருங்கள். 1981 திருத்தப் பதிப்பு, விருப்ப விதியாக ஒரு வழியைச் சேர்த்தது: உருட்டல் தவறினால் சாகாமல் காயத்தோடு பாதிப் பருவத்தில் வெளியேறலாம். மங்கூஸ் 2008 பதிப்பு அதையே வளர்த்து, விபத்து அட்டவணை ஆக்கியது. தவறினால் காயம், துரோகம், அவமானம், எதிரி என்று ஏதோ ஒன்று நடக்கும். அந்த வேலையும் போகும். சாவை எடுத்தார்கள், ஆனால் பிரேக் அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு லாபம்: முன்பு தோல்வி என்றால் வெற்றுத் தாள், இப்போது கதைக்கு உதவும் ஒரு பகையாளி.

உங்கள் திருத்தத்துக்கும் இதே கேள்விதான். எடுக்கப்போகும் விதி எந்தப் பேராசையைக் கட்டுப்படுத்தியது? அதே இடத்தில் வேறு எது நிற்கும்? பதிலை ஒரு வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் விதியை எடுக்காதீர்கள்.

காசு விதிகள்: மாதக் கடனிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

200 டன் ஃப்ரீ டிரேடர் கப்பலின் விலை பழைய புத்தகத்தில் 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட் (விளையாட்டில் வரும் நாணயம்). கடன் விதி: விலையில் 240-ல் ஒரு பங்கை மாதாமாதம் 480 மாதம் கட்ட வேண்டும். மாதத்துக்கு 1,54,500. நாற்பது வருட இஎம்ஐ!

கப்பலில் 82 டன் சரக்கு ஏற்றலாம். டன்னுக்கு 1,000 கிரெடிட் கூலி. ஜம்ப்புக்கு ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் என்றால் மாதம் இரண்டு பயணம். இடம் முழுக்க நிரம்பினால் 1,64,000. கடன் போக மிச்சம் 9,500. அதில் எரிபொருள், சம்பளம், உயிர்காப்பு, துறைமுகக் கட்டணம் எதுவும் அடங்காது. பயணிகளை ஏற்றினால்தான் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் நீட்டும் சந்தேகத்துக்குரிய வேலையை ஏற்க வேண்டும். வேண்டுமென்றே இப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்களை வம்புக்குள் தள்ளுவது இந்தப் பற்றாக்குறைதான். "பாவம், கஷ்டப்படுறாங்க" என்று கூலியை இரண்டு மடங்கு ஆக்கினால் அவர்கள் நிம்மதியான சரக்குக் கம்பெனி நடத்துவார்கள். சாகசம் அதோடு காலி.

ஆனால் இதே விதியில் ஓர் உண்மையான ஓட்டையும் இருக்கிறது. டன்னுக்கு 1,000 என்பது தூரத்தைப் பார்க்காமல் ஒரு ஜம்ப்புக்கு. இரண்டு பார்செக் தாண்டும் கப்பலுக்குப் பெரிய எஞ்சின் வேண்டும். கப்பலின் கொள்ளளவில் 20 சதவீதம் ஜம்ப் எரிபொருளுக்கே போகும். சரக்கு இடம் சுருங்கும். கூலி மட்டும் அதே ஆயிரம். யார் அப்படிப்பட்ட கப்பலை ஓட்டுவார்கள்?

திருத்திப் பார்ப்போம். இரண்டு பார்செக் கப்பலில் 60 டன் சரக்கு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய விதியில் ஒரு பயணத்துக்கு 60,000; சின்ன எஞ்சின் கப்பலுக்கோ 82,000. கூலியைப் பார்செக்குக்கு 1,000 என்று ஆக்கினால் 1,20,000 கிடைக்கும், சின்னக் கப்பலை வாங்க ஆளிருக்காது. இரண்டு பார்செக்குக்கு 1,600 என்று வைத்தால் 96,000. எஞ்சினுக்கான கூடுதல் கடனையும் கூடுதல் எரிபொருளையும் கழித்தால் இரண்டும் நெருங்கி வரும். இரண்டு கப்பலுக்கும் காரணம் இருக்கும், இரண்டிலும் கஷ்டம் இருக்கும். பின்னால் வந்த பதிப்புகளும் தூரத்துக்கு ஏற்பக் கூலியைக் கூட்டும் வழிக்கே வந்தன.

எந்தப் பொருளாதார விதியைத் தொட்டாலும் இப்படி ஒரு மாத வரவு செலவைத் தாளில் போடுங்கள். மிச்சம் எப்போதும் பூஜ்யத்தைச் சுற்றி ஊசலாட வேண்டும்.

சண்டை விதிக்கும் இதே பார்வைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். டிராவலரில் தனியாக உயிர்ப்புள்ளி கிடையாது; அடி நேராகப் பண்பெண்களில் விழும். மங்கூஸ் பதிப்பில் முதலில் தாங்குதிறன், பிறகு உடல்வலு அல்லது சுறுசுறுப்பு. சராசரி மனிதருக்கு மூன்றும் சேர்ந்து 21. ரைஃபிள் ரவையின் சேதம் மூன்று பகடை, சராசரி 10.5. கவசம் இல்லாமல் இரண்டு ரவை பட்டால் கதை முடிந்தது. இந்தப் பயம் இருப்பதால்தான் ஆட்டக்காரர்கள் பேசிப் பார்க்கிறார்கள், லஞ்சம் கொடுக்கிறார்கள், ஓடுகிறார்கள். சண்டை அதிகம் வேண்டுமென்றால் உயிரைக் கூட்டாமல் கவசத்தை எளிதில் கிடைக்கச் செய்யுங்கள். கவசத்தைக் கழற்ற வேண்டிய இடங்கள் கதையில் நிறைய வரும், அங்கே பயம் திரும்ப வந்துவிடும்.

சோதனை

ஒரு நேரத்தில் ஒரு விதி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்லவே முடியாது.

பழைய விதியில் ஒரு காட்சி, புதிய விதியில் அதே காட்சி, அதே பாத்திரங்கள். முடிவு மாறியதா என்பது முக்கியமில்லை. ஆட்டக்காரர்கள் எடுத்த முடிவுகள் மாறினவா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் உங்கள் திருத்தம் வெறும் வேலை மெனக்கெடல். ஆட்டம் முடிந்ததும் "பிடிச்சிருந்ததா?" என்று கேட்காதீர்கள். நண்பர்கள் எல்லோரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். "எங்கே என்ன செய்ய நினைத்து விட்டுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

அப்புறம், குழுவில் சட்டம் பேசும் ஆள் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். எல்லோருக்கும் எரிச்சல் தரும் அந்த ஆள்தான் உங்களுக்கு இப்போது வேண்டியவர். "இந்த விதியை வைத்து எங்களை ஏமாற்று" என்று அவரிடமே ஒப்படையுங்கள். கடைசிச் சோதனையாக, விதியை எழுதாத வேறொருவர் ரெஃபரியாக இருந்து தாளை மட்டும் பார்த்து நடத்தட்டும். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து வாய் திறக்காமல் குறிப்பெடுங்கள். விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும் ஒவ்வொரு இடமும் தாளில் விட்டுப்போன ஒரு வரி.

எழுதும் முறை

'8-க்கு மேல்' என்று எழுதாதீர்கள். எட்டு சேருமா சேராதா என்று சண்டை வரும், அந்த ஒரு எண்ணில் மட்டும் கிட்டத்தட்ட 14 சதவீதம் இருக்கிறது. '8 அல்லது அதற்கு மேல்' என்றே எழுதுங்கள், ஒவ்வொரு இடத்திலும். கால அளவுக்கும் அப்படித்தான். மங்கூஸ் பதிப்பில் ஆள் சண்டையின் சுற்று ஆறு விநாடி, கப்பல் சண்டையின் சுற்று ஆறு நிமிடம். இரண்டையும் 'சுற்று' என்றே எழுதினால் காயக்கட்டு போட எவ்வளவு நேரம் என்று ஒருவருக்கும் புரியாது. ஒன்றைச் சுற்று என்றும் மற்றதைக் கட்டம் என்றும் பிரித்து, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஜம்ப், பார்செக், ரெஃபரி போன்றவற்றை அப்படியே விடுவது நல்லது. மேசையில் அப்படித்தான் பேசுகிறோம்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே சின்ன எழுத்தில் பழைய விதி என்ன, ஏன் மாற்றினோம், எந்தத் தேதியில் என்று சேருங்கள். ஒரு வருடம் கழித்து யாராவது அதே பழைய விதியை 'புது யோசனை' என்று கொண்டுவருவார்கள், அப்போது உதவும்.

வெளியிட நினைத்தால்

வீட்டு மேசையில் என்ன மாற்றினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. இணையத்தில் விற்கவோ இலவசமாகப் பரப்பவோ நினைத்தால் உரிமத்தைப் பாருங்கள். பொதுவாக, இரண்டு பகடை உருட்டி 8 எடுப்பது போன்ற ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை விளக்கும் வாசகத்துக்கும் படத்துக்கும் உண்டு. விளையாட்டின் பெயர் வணிகச்சின்னம்.

2008 மங்கூஸ் பதிப்பின் அடிப்படை விதிகள் ஓப்பன் கேம் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வந்தன. அவற்றை அடித்தளமாக வைத்து 2016-ல் செஃபியஸ் எஞ்சின் உருவானது. டிராவலர் என்ற பெயரும் அதன் பேரரசும் இல்லாமல், அதே எலும்புக்கூடு. சின்னப் பதிப்பாளர்கள் பலர் அதன் மேல் தங்கள் விண்வெளி உலகங்களைக் கட்டியிருக்கிறார்கள். நீங்களும் அதில் தொடங்கலாம். ஆனால் 2023 ஜனவரியில், அந்த உரிமத்தை உருவாக்கிய விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதை மாற்ற முயன்று பெரிய எதிர்ப்பைச் சந்தித்துப் பின்வாங்கியதையும் மறக்க வேண்டாம். திறந்த உரிமத்தில் வந்த பகுதியை எடுக்கும்போது, எந்த ஆவணத்தின் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்து, உரிமத்தின் முழு வாசகத்தையும் உங்கள் கோப்பின் கடைசிப் பக்கத்தில் அப்படியே சேர்த்துவிடுங்கள். அட்டையில் டிராவலர் என்ற சொல் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வரக் கூடாது.